பூம்ஸ்லாங் பாம்பின் நஞ்சு: ஓர் ஆய்வு வரலாறு

பூம்ஸ்லாங் என்பது ஆப்பிரிக்காவில் சகாரா பாலைவனத்திற்குத் தெற்கே, மரங்கள் நிறைந்த புல்வெளிகளிலும் புதர்க்காடுகளிலும் வாழும் ஒரு பின்நச்சுப்பல் பாம்பு. ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் 'பூம்' என்றால் மரம், 'ஸ்லாங்' என்றால் பாம்பு. இதன் அறிவியல் பெயர் டிஸ்ஃபோலிடஸ் டைப்பஸ். வளர்ந்த பாம்பு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம் இருக்கும். ஆண் பாம்புகள் பெரும்பாலும் பச்சையாகவும் பெண் பாம்புகள் பழுப்பாகவும் காணப்படும். தலையின் அளவுக்குக் கண்கள் மிகப் பெரியவை. பச்சோந்தி, பறவைக் குஞ்சு, முட்டை, தவளை ஆகியவை இதன் இரை. மனிதரைக் கண்டால் கிளைகளுக்குள் நழுவிவிடும். தப்ப வழியில்லாதபோது கழுத்தை ஊதிப் பெரிதாக்கிக் காட்டும். அதன் பிறகும் நெருங்கினால் கடிக்கும்.

கூச்ச சுபாவமுள்ள இப்பாம்பு மனிதரைக் கொல்லவல்லது என்பது தென்னாப்பிரிக்காவில் 1909இலேயே அச்சில் வந்துவிட்டது. ஆனால் அதன் முழுப் பொருளை உலகம் உணர்ந்தது 1957இல், பாம்புகளை நன்கு அறிந்த ஒருவர் அதன் கடியால் இறந்தபோதுதான். இடைப்பட்ட 48 ஆண்டுகளின் கதை, ஒரு நஞ்சைப் பற்றிய அறிவு ஓரிடத்தில் இருந்தும் வேறிடத்தில் பயன்படாமல் போன கதையும் ஆகும்.

பல்லை வைத்து நஞ்சை எடைபோட்ட காலம்

நாகம், விரியன் ஆகியவற்றின் நச்சுப்பற்கள் வாயின் முன்புறத்தில் உள்ளன. அவற்றின் உட்புறம் ஊசிபோலத் துளை உடையது. நச்சுச் சுரப்பியைச் சுற்றியுள்ள தசை இறுகியதும் நஞ்சு அத்துளை வழியே பீறிட்டு இறங்கும். பின்நச்சுப்பல் பாம்புகளில் இவ்வமைப்பு இல்லை. மேல்தாடையின் பின்பகுதியில் சில பற்கள் மட்டும் பெரிதாக இருக்கும். பல இனங்களில் அப்பற்களின் மேற்பரப்பில் ஒரு நீளவாட்டுப் பள்ளம் ஓடும். சுரப்பியிலிருந்து கசியும் நஞ்சு அப்பள்ளத்தின் வழியே காயத்திற்குள் வழிந்து இறங்கும்.

தமிழ்நாட்டில் இவ்வகைப் பாம்புக்கு எளிதில் காணக்கூடிய எடுத்துக்காட்டு பச்சைப்பாம்பு. கண்ணைக் கொத்தும் என்று ஊரெங்கும் அஞ்சப்படும் அதன் கடியால் மனிதருக்குப் பொதுவாக வீக்கமும் வலியும் மட்டுமே ஏற்படும். சுருட்டை விரியன் என்று தவறாக நினைத்து அடித்துக் கொல்லப்படும் பூனைப்பாம்பும் இதே வகையைச் சேர்ந்ததுதான். உலகின் பின்நச்சுப்பல் பாம்புகளுள் பெரும்பாலானவை இப்படி மனிதருக்குத் தீங்கற்றவை. பூம்ஸ்லாங்கைக் குறைத்து மதிப்பிடுவதற்கு இந்த உண்மையே காரணமாயிற்று.

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய விலங்கியலாளர்கள் பாம்புகளைப் பெரும்பாலும் இறந்த உடல்களாகவே கண்டனர். சாராயப் புட்டிகளில் வந்து சேர்ந்த பாம்பின் நஞ்சைச் சோதிக்க வழியில்லை. பல்லை அளக்கலாம், சுரப்பியை அறுத்துப் பார்க்கலாம். பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் ஜார்ஜ் துவர்னுவா 1832இல் வெளியிட்ட ஆய்வின் நோக்கமே, நச்சுப்பாம்பையும் நச்சில்லாப் பாம்பையும் உடற்கூற்றைக் கொண்டு பிரித்தறிவதுதான். பின்நச்சுப்பல் பாம்புகளின் கண்ணுக்குப் பின்னே, உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து வேறுபட்ட ஒரு சுரப்பி இருப்பதை அவர் விவரித்தார். 1960களில் அமெரிக்க ஆய்வாளர் ஏரன் டாப் அதற்கு 'துவர்னுவா சுரப்பி' என்று பெயரிட்டார். டிஸ்ஃபோலிடஸ் என்ற பேரினப் பெயரை உருவாக்கியவரும் இதே துவர்னுவாதான். கொலை செய்யவல்ல பாம்பின் பெயரும் அந்த நஞ்சு ஊறும் சுரப்பியின் பெயரும் ஒரே மனிதரிடம் போய்ச் சேர்கின்றன. ஆயினும் அந்த நஞ்சின் வலிமை அவருக்குத் தெரிய வாய்ப்பிருக்கவில்லை.

இத்தகைய உடற்கூற்று ஆய்வுகளிலிருந்து ஒரு முடிவு கிளைத்துப் பரவியது. பல் பின்னால் இருக்கிறது, துளை இல்லை, தசையின் அழுத்தம் குறைவு. எனவே பாம்பு நெடுநேரம் மென்றால் ஒழிய மனிதரின் உடலில் நஞ்சு சேராது என்பதே அது. நஞ்சு செலுத்தும் கருவி திறமையற்றது என்பதிலிருந்து நஞ்சும் வலுவற்றது என்று எண்ணியது தருக்கத்தில் ஒரு தாவல். பூம்ஸ்லாங்கைப் பொறுத்தவரை முதல் பாதியே முழு உண்மையன்று. அதன் நச்சுப்பற்கள் மற்ற பின்நச்சுப்பல் பாம்புகளைவிட முன்தள்ளி, ஏறத்தாழ கண்ணுக்கு நேர்கீழே அமைந்துள்ளன. வாயையும் மிக அகலமாகத் திறக்கும். ஒரு விரலையோ கையின் சதைப்பகுதியையோ கவ்வுவதற்கு அதற்கு மெல்ல வேண்டிய தேவையே இல்லை.

போர்ட் எலிசபெத்தும் ஜோகன்னஸ்பர்க்கும்

உயிருள்ள பாம்பை அருகில் வைத்துப் பார்த்தவர்களிடமிருந்துதான் மாற்றுக் கருத்து வந்தது. தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத் அருங்காட்சியக இயக்குநரான ஃபிரெடரிக் வில்லியம் ஃபிட்ஸ்சைமன்ஸ் பாம்புகளைப் பிடித்து வளர்த்துக் கவனித்தவர். அவருடைய உதவியாளர் ஒருவர் பூம்ஸ்லாங் கடித்துக் கடுமையாகப் பாதிக்கப்பட்டு, பின்னர் பிழைத்தார். இக்கடியின் நச்சு விளைவு குறித்து ஃபிட்ஸ்சைமன்ஸ் 1909இல் லண்டனிலிருந்து வெளிவந்த ஓர் இயற்கை வரலாற்று இதழில் கட்டுரை எழுதினார். மரக்கிளையில் வாழும் இந்தத் தீங்கற்ற பாம்பு உண்மையில் தீங்கற்றதன்று என்பது அதன் சாரம்.

அடுத்த கட்டம் ஜோகன்னஸ்பர்க்கில் இருந்த தென்னாப்பிரிக்க மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் நிகழ்ந்தது. அங்கே நாகம், விரியன் ஆகியவற்றின் நஞ்சுக்கு எதிரான மருந்தைக் குதிரைகளின் இரத்தத்திலிருந்து தயாரித்து வந்தனர். எட்மண்ட் கிராசே, ஷாஃப்ஸ்மா ஆகிய இருவரும் பூம்ஸ்லாங் நஞ்சை ஆராய்ந்து 1940இல் தென்னாப்பிரிக்க மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். இந்த நஞ்சு நாகத்தினுடையதைப் போல நரம்பைத் தாக்குவதன்று, இரத்தத்தைத் தாக்குவது. பல பாம்புகளுக்குப் பொதுவாகத் தயாரிக்கப்படும் நஞ்சுமுறி இதற்குப் பயன்படாது. தனி மருந்தே வேண்டும். அத்தனி மருந்தையும் பின்னர் அதே நிறுவனம் தயாரிக்கத் தொடங்கியது.

ஆக, 1950களில் நிலைமை இதுதான்: நஞ்சு கொல்லும் என்பது தெரியும், எவ்வாறு கொல்லும் என்பது ஓரளவு தெரியும், மருந்தும் உண்டு. இவை அனைத்தும் ஒரே நாட்டில் இருந்தன. உலகின் விலங்குக் காட்சிசாலைகளுக்கோ தென்னாப்பிரிக்காவிலிருந்து பாம்புகள் மட்டும் பயணம் செய்தன.

சிகாகோ, செப்டம்பர் 1957

கார்ல் பேட்டர்சன் ஷ்மிட் 1890இல் பிறந்தவர். சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் 1922இல் சேர்ந்து, விலங்கியல் துறையின் தலைமைக் காப்பாளராக உயர்ந்து, 1955இல் ஓய்வு பெற்றவர். பவளப் பாம்புகளைப் பற்றிய அவருடைய ஆய்வுகள் புகழ்பெற்றவை. ஓய்வுக்குப் பிறகும் அருங்காட்சியகத்திற்கு வந்து பணியைத் தொடர்ந்தார்.

1957 செப்டம்பர் 25 அன்று சிகாகோ லிங்கன் பூங்கா விலங்குக் காட்சிசாலையிலிருந்து ஒரு பாம்பு இனங்காண்பதற்காக அங்கு வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் நீளமுள்ள இளம் பாம்பு. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, பார்வைக்குப் பூம்ஸ்லாங். ஆனால் பூம்ஸ்லாங்கில் இரண்டாகப் பிரிந்திருக்க வேண்டிய கழிவாய்ச் செதில் இதில் பிரியாமல் இருந்தது. இந்த ஐயத்தைத் தீர்ப்பதற்காகத்தான் ஷ்மிட் பாம்பைக் கையில் வாங்கினார். தலைக்குச் சற்றுப் பின்னால் தள்ளிப் பிடித்ததால் அது திரும்பி அவருடைய இடது கட்டைவிரலின் சதைப்பகுதியைக் கவ்வியது. பின்நச்சுப்பற்களுள் ஒன்றுதான் பதிந்தது. அதுவும் மூன்று மில்லிமீட்டர் ஆழத்திற்கே. பாம்போ சிறியது, கடியோ மேலோட்டமானது. ஆபத்து இல்லை என்று நினைக்க அவரிடம் போதிய காரணங்கள் இருந்தன.

அவர் மருத்துவரிடம் செல்லவில்லை. மாறாகக் குறிப்பெழுதத் தொடங்கினார். அவருடைய சக ஆய்வாளர் கிளிஃபோர்ட் போப் 1958இல் ஓர் ஊர்வனவியல் இதழில் வெளியிட்ட அக்குறிப்புகளின்படி, மாலையில் வீடு திரும்பும் இரயிலில் கடுமையான குமட்டல் ஏற்பட்டது. பிறகு உடல் நடுங்கும் குளிர், அதைத் தொடர்ந்து காய்ச்சல். ஐந்தரை மணியளவில் ஈறுகளிலிருந்து இரத்தம் கசியத் தொடங்கியது. இரவு எட்டரை மணிக்குப் பாலில் நனைத்த ரொட்டி சாப்பிட்டு, ஒன்பது மணிக்குத் தூங்கினார். நள்ளிரவு கடந்து எழுந்து சிறுநீர் கழித்தபோது பெரும்பகுதி இரத்தமாக இருந்தது. அதிகாலையில் வாந்தி, அதன்பின் உடல் தேறியது போன்ற உணர்வு. காலையில் காய்ச்சல் இல்லை. வழக்கம்போல உணவருந்தினார். வாயிலும் மூக்கிலும் இரத்தக் கசிவு தொடர்ந்தது. அது மிகுதியாக இல்லை என்று எழுதினார். குறிப்பு அத்துடன் நின்றுவிடுகிறது. நண்பகலுக்குப் பின் நிலைமை திடீரென மோசமாகி, மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டும் பலனின்றி, செப்டம்பர் 26 பிற்பகல் மூன்று மணியளவில் இறந்தார். கடித்து 24 மணி நேரமே ஆகியிருந்தது. உடற்கூற்றாய்வில் மூளை, கண்கள், நுரையீரல், சிறுநீரகம், இதயம் என உடலின் பல உறுப்புகளிலும் இரத்தக் கசிவு காணப்பட்டது.

இந்நிகழ்ச்சி பெரும்பாலும் ஒரு அறிவியலாளரின் துணிச்சலாகவோ அசட்டையாகவோ சொல்லப்படுவதுண்டு. இரண்டுமே முழு விளக்கம் ஆகா. அன்று காலை அவர் மருத்துவமனையில் இருந்திருந்தாலும் அதற்குரிய நஞ்சுமுறி அங்கே இருந்திருக்காது. அது ஜோகன்னஸ்பர்க்கில் இருந்தது. கூடவே இந்த நஞ்சின் போக்கையும் கருத வேண்டும். நாகம் கடித்தால் கண்ணிமை சரிவதும் நாக்குக் குழறுவதும் விரைவில் தெரிந்துவிடும். பூம்ஸ்லாங் நஞ்சு அவ்வாறு எச்சரிப்பதில்லை. கடித்த இடத்தில் பெரிய வீக்கமோ வலியோ இல்லாமல் மணிக்கணக்கில் கழியலாம். நடுவே உடல் தேறியதாகவும் தோன்றலாம். ஷ்மிட் எழுதி வைத்த பக்கங்களின் மருத்துவ மதிப்பு இங்கேதான் உள்ளது. தேறிவிட்டதாகத் தோன்றும் அந்தக் காலை நேரம், பிற்காலத்து மருத்துவர்களுக்கு ஒரு சான்றாயிற்று.

இரத்தம் உறையாமல் போவது எப்படி

காயம் பட்டால் இரத்தம் உறைவதற்கு உடலில் பல படிகள் கொண்ட ஓர் ஏற்பாடு உண்டு. கல்லீரலில் உருவாகி இரத்தத்தில் செயலற்று மிதக்கும் புரோத்திராம்பின் என்ற புரதம் தேவைப்படும்போது திராம்பினாக மாறும். திராம்பின், ஃபைப்ரினோஜென் என்ற மற்றொரு புரதத்தை நூலிழைகளாக்கும். அவ்விழைகளில் இரத்த அணுக்கள் சிக்கிக் கட்டியாகும்.

பூம்ஸ்லாங் நஞ்சில் உள்ள நொதிகள் இந்த ஏற்பாட்டைத் தடுப்பதில்லை, தேவையில்லாதபோது இயக்கிவிடுகின்றன. காயமே இல்லாத இடங்களிலும் புரோத்திராம்பின் திராம்பினாக மாறுகிறது. நுண்ணிய கட்டிகள் எங்கும் தோன்றிக் கரைகின்றன. சில மணி நேரத்தில் உறைவதற்குரிய பொருள்கள் முழுவதும் செலவாகிவிடுகின்றன. அதன்பின் ஈறு, மூக்கு, சிறுநீரகம், மூளை என எங்கே சிறு கசிவு ஏற்பட்டாலும் அதை அடைக்க உடலில் எதுவும் மிஞ்சியிருக்காது. அறிகுறிகள் தாமதமாகத் தோன்றுவதன் காரணமும் இதுவே: கையிருப்பு தீரும்வரை வெளியே எதுவும் தெரியாது.

இந்நஞ்சிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள் மனிதப் புரோத்திராம்பினை இயக்கும் முறையைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1978இல் விவரித்தனர். இந்தியாவின் சுருட்டை விரியனின் நஞ்சிலும் இதே புரோத்திராம்பினைத் தூண்டும் நொதி உண்டு. பூம்ஸ்லாங்கும் சுருட்டை விரியனும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. ஒன்று மரத்தில் ஏறுவது, மற்றொன்று வறண்ட தரையில் சுருண்டு கிடப்பது. இரண்டின் நஞ்சும் மனித இரத்தத்தில் ஒரே இடத்தைத் தாக்குகின்றன. தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் விரியன் கடிக்குச் செய்யப்படும் 20 நிமிட இரத்த உறைவுச் சோதனை, அதாவது கண்ணாடிக் குழாயில் எடுத்த இரத்தம் உறைகிறதா என்று பார்ப்பது, பூம்ஸ்லாங் கடிக்கும் பொருந்துவதற்கு இதுவே காரணம்.

சில மில்லிகிராம் நஞ்சு

வேதியியல் ஆய்வு இவ்வளவு மெதுவாக நகர்ந்ததற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. விரியனைப் பிடித்து ஒரு குவளையின் சவ்வைக் கடிக்கச் செய்தால் நஞ்சு தானே சொட்டும். ஆப்பிரிக்கக் கொழுவிரியன் ஒன்றிலிருந்து ஒரே முறையில் நூறு மில்லிகிராமுக்கும் மேல் உலர்நஞ்சு கிடைக்கும். பூம்ஸ்லாங்கிலிருந்து கிடைப்பது சில மில்லிகிராம்கள்தான். பல் உள்ளே இருப்பதால் குவளைமுறை சரிவர வராது. பள்ளத்தின் வழியே கசியும் நஞ்சு உமிழ்நீரோடு கலந்துவிடும். மிகச் சிறிய அளவே எலிகளைக் கொல்லப் போதுமான அந்த நஞ்சை ஆய்வுக்குப் போதுமான அளவு சேர்க்க முடியாமல் ஆய்வகங்கள் திணறின. பல பின்நச்சுப்பல் இனங்களைப் பொறுத்தவரை, தீங்கற்றவை என்ற பழைய எண்ணம் நீடித்ததற்கு அவற்றின் நஞ்சை யாரும் போதிய அளவில் கையில் எடுத்துப் பார்க்காததும் ஒரு காரணம்.

1990களில் இம்முறை மேம்பட்டது. பாம்புக்கு மயக்கமருந்து கொடுத்து, சுரப்பைத் தூண்டும் பைலோகார்பின் என்ற மருந்தைச் செலுத்தி, நச்சுப்பல்லின் மேல் மெல்லிய குழாயைப் பொருத்தி நஞ்சை உமிழ்நீர் கலவாமல் சேகரிக்கத் தொடங்கினர். அதன்பின் வியப்பான முடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நச்சற்றதாகக் கருதப்பட்ட ஒரு தென்கிழக்காசியச் சாரைப்பாம்பு வகையிலிருந்து நாகத்தின் நஞ்சை ஒத்த நரம்பு நச்சுப் பொருள் 2003இல் பிரிக்கப்பட்டது. சதுப்புநிலப் பூனைப்பாம்பின் நஞ்சிலிருந்து 2006இல் சிங்கப்பூரில் பிரிக்கப்பட்ட டென்மோடாக்சின், கோழிக்குஞ்சின் தசையில் வலுவாகவும் எலியின் தசையில் மிகவும் மங்கலாகவும் செயல்பட்டது. பறவை தின்னும் பாம்புக்குப் பறவைக்கேற்ற நஞ்சு. இத்தகைய சுரப்புகளை எல்லாம் 'நஞ்சு' என்றே அழைக்கலாமா என்ற விவாதம் ஆய்வாளரிடையே இன்னும் ஓயவில்லை. பூம்ஸ்லாங் விஷயத்தில் அந்த விவாதத்துக்கு இடமில்லை.

மீண்டும் ஷ்மிட்

2017இல் ஸ்பெயினின் வலென்சியாவைச் சேர்ந்த ஆய்வாளர்களும் பிற நாட்டவரும் இணைந்து பூம்ஸ்லாங் நஞ்சின் புரதங்களை முழுமையாகப் பட்டியலிட்டனர். கார்ல் பேட்டர்சன் ஷ்மிட்டைக் கொன்றது எது என்ற கேள்வியையே கட்டுரைத் தலைப்பாக வைத்தனர். அறுபது ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த விடை: நஞ்சுப் புரதங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு, துத்தநாக அயனியைத் தாங்கிய ஒரு நொதிக் குடும்பம். இரத்தத்தை உறையச் செய்து தீர்ப்பதும், இரத்தக் குழாய்ச் சுவர்களைச் சிதைப்பதும் இக்குடும்பத்து நொதிகளின் வேலை. எஞ்சிய பங்கில் நரம்பு நச்சுகளை ஒத்தவை உட்படப் பல சிறு புரதங்கள் உள்ளன. தென்னாப்பிரிக்க நஞ்சுமுறி இந்நஞ்சின் முக்கியக் கூறுகளைப் பற்றிக்கொள்கிறது என்பதையும் அவ்வாய்வு காட்டியது.

அந்த மருந்து இன்றும் தென்னாப்பிரிக்காவில் மட்டுமே, மிகக் குறைந்த அளவில் தயாராகிறது. குதிரைக்கு ஊட்டத் தேவையான நஞ்சைச் சேர்ப்பதற்கே பல பாம்புகளும் பல மாதங்களும் வேண்டும். கடிபடுவோரோ ஆண்டுக்குச் சிலர். பெரும்பாலும் பாம்பு வளர்ப்போரும் பிடிப்போரும்தான். எந்த மருந்து நிறுவனத்திற்கும் இதில் இலாபம் இல்லை. ஒரு நல்ல அம்சம், கடித்து ஒரு நாள் கழிந்த பின்னும் இந்த நஞ்சுமுறி பலன் தருவதுண்டு. எனவே கடிபட்டவர் எவ்வளவு நலமாகத் தோன்றினாலும் மருத்துவமனையில் ஒன்றிரண்டு நாள் வைத்து, இரத்தம் உறைகிறதா என்று திரும்பத் திரும்பச் சோதிப்பதே இன்றைய நடைமுறை.

பூம்ஸ்லாங்கின் நெருங்கிய உறவினமான ஆப்பிரிக்கக் கிளைப்பாம்புக்கு அதுவும் இல்லை. காய்ந்த குச்சியைப் போலவே தோன்றும் இப்பாம்பின் நஞ்சும் இரத்தத்தையே தாக்குகிறது. ஆனால் பூம்ஸ்லாங் நஞ்சுமுறி இதன்மேல் செயல்படாது. ஃபிராங்க்ஃபர்ட் நகரின் புகழ்பெற்ற ஊர்வனவியலாளர் ராபர்ட் மெர்டென்ஸ், தாம் வளர்த்த கிளைப்பாம்பால் 1975 ஆகஸ்டில் கடிபட்டார். அவரும் ஷ்மிட்டைப் போலவே நாள்தோறும் குறிப்பெழுதினார். 18 நாள்களுக்குப் பின் இறந்தார். கிளைப்பாம்புக் கடிக்கு இன்றுவரை நஞ்சுமுறி கிடையாது. இழந்த உறைவுப் பொருள்களை ஈடுசெய்ய இரத்தமும் பிளாஸ்மாவும் ஏற்றி, நஞ்சின் வேகம் அடங்கும்வரை காத்திருப்பதே மருத்துவர்கள் செய்யக்கூடியது.